வாய்ச்சொல் வீடு காக்குமா?

"இந்த வூடு எம்மவளுக்குத்தான். இதுல வேற யாருக்கும் பேச்சே கெடையாது!"

சிலாங்கூரில் நமக்குப் பழக்கமான ஒரு பெரியவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை இது. கோயில் மண்டபத்தில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். ஒருநாள் சங்கக் கூட்டம் முடிந்து நாம் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, கையைப் பிடித்து நிறுத்தி நம்மிடமும் சொன்னார். "நல்லதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர் அவர். தோட்டம் கைமாறி லயங்கள் உடைபட்டபோது, கிடைத்த நஷ்ட ஈட்டையும் சேமநிதிப் பணத்தையும் சேர்த்துப் போட்டுப் பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். சொந்தப் பிள்ளை இல்லை. மனைவி வழி உறவில் ஒரு பெண் குழந்தையை மூன்று வயதில் தூக்கி வந்து வளர்த்தார்கள். மனைவி காலமானார். நீரிழிவு வந்து பெரியவருக்கு ஒரு காலை எடுத்தார்கள். குளிக்க வைத்ததும், சோறு ஊட்டியதும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அந்தப் பெண்தான்.

பெரியவர் விவரம் தெரிந்தவர். வாய்ச்சொல்லோடு நிறுத்தவில்லை. பள்ளி நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, தம் காலத்துக்குப் பின் வீடு மகளுக்கு என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு சாட்சி வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கோயில் செயலாளர் ஒரு சாட்சி. பக்கத்திலேயே நின்ற மருமகன் இன்னொரு சாட்சி. தாளை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தார்.

கருமாதி முடிந்த பிறகு அந்தத் தாளோடு அந்தத் தங்கையை அழைத்துக்கொண்டு நாம் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் வரிவரியாக விளக்கம் கேட்டுவிட்டு, சாட்சிகளின் பெயரில் விரலை வைத்தார். "இந்த ரெண்டாவது ஆள் யார்?"

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் அவள்.

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தாள் சரி அம்மா. சாட்சிதான் தப்பு" என்றார்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம் என்று ஒன்று உண்டு. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ, அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ அதே உயிலில் கொடுத்தது எதுவும் செல்லாது என்கிறது அந்தச் சட்டம். பயமுறுத்தியோ ஏமாற்றியோ எழுதி வாங்குவதைத் தடுக்க வந்த விதி. நல்ல விதிதான். ஆனால் அன்று புருஷன் அன்பாகப் போட்ட கையெழுத்து, பெண்சாதிக்கு வந்த வீட்டைப் பறித்துக்கொண்டது.

"அண்ணே, உயில் இல்லாட்டா என்னாண்ணே? நான் அவருக்கு மகதானே?" என்று அவள் கேட்டாள்.

அதுவும் இல்லை. 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவோடு தத்தெடுத்தால்தான் வாரிசு முறையில் பிள்ளைக்குப் பங்கு வரும். தூக்கி வளர்த்தது, ஊர் அறிந்தது, பள்ளியில் தகப்பன் பெயர் கொடுத்தது எதுவும் போதாது. மனைவியும் இல்லை, சட்டப்படி பிள்ளையும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றால் சொத்து உடன்பிறந்தவர்களுக்கு. பெரியவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை இருந்தார்கள்.

தம்பி மனுஷன். "அண்ணன் சொன்ன வார்த்தை என் காதுல இருக்கு" என்று தம் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டார். தங்கையின் பிள்ளைகள் விடவில்லை. அந்தப் பாதியின் விலையை அவள் இன்றைக்கும் மாதத் தவணையாகக் கட்டி வருகிறாள், தான் வளர்ந்த வீட்டுக்கே.

பெரியவர் கையைப் பிடித்துச் சொன்ன அன்று, "ஐயா, எழுதி வச்சிருக்கீங்களா? சாட்சி யாரு?" என்று நாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குறை நம்முடையதும்தான். அதனால்தான் இந்த வாரம் சம்பளப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு உயிலைப் பற்றி எழுதுகிறோம்.

நமக்கென்ன சொத்து?

உயில் என்றாலே நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். "அது துரைமாருக்கும் தவுக்கேமாருக்கும்தான் தலைவரே. நமக்கு என்னா இருக்கு?" என்கிறார்கள். இன்னும் சிலர், உயில் எழுதினால் சாவை வாசலுக்கு அழைத்த மாதிரி என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். இறந்தவர் விட்டுப்போகும் சொத்து முழுவதையும் சேர்த்து வழக்கறிஞர்கள் 'எஸ்டேட்' என்றுதான் சொல்கிறார்கள். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த நாம் நமக்கு ஓர் எஸ்டேட் இருப்பதாக நினைப்பதே இல்லை!

எண்ணிப் பாருங்கள். ஊழியர் சேமநிதிப் பணம். பேங்கில் கிடக்கும் காசு. இன்சூரன்ஸ். மனைவியின் தாலிக்கொடி, வளையல், அடகுக்கடையில் இருக்கும் நகையின் சீட்டு. மோட்டார் சைக்கிள். மலிவு வீடு இருந்தால் அதன் பத்திரம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அப்பாவோ அம்மாவோ பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கிய பங்கு. அந்தப் பங்குச் சீட்டு எத்தனை வீட்டுத் தகரப்பெட்டியில் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது! இதெல்லாம் சொத்து இல்லையா?

ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள். லயத்து வீடு கம்பெனி வீடு. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் அதை உயிலில் எழுத முடியாது.

மரண வரி பிடுங்கிவிடும் என்றும் சிலர் பயப்படுகிறார்கள். அந்த வரி நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டோடு எடுபட்டுவிட்டது.

எழுதாமல் போனால் யாருக்கு?

தீபகற்ப மலேசியாவில் இஸ்லாமியர் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் வந்து பிரிக்கிறது. இஸ்லாமியச் சகோதரர்களுக்குச் சட்டம் வேறு. அதை ஷரியா அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

புருஷன் போனால் எல்லாம் மனைவிக்குத்தான் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. இறந்தவரின் தாய் தகப்பனும் உயிரோடிருந்தால் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு, பெற்றோருக்கு நான்கில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பிள்ளை இல்லாமல் மனைவியும் பெற்றோரும் இருந்தால் பாதிக்குப் பாதி. மனைவி இறந்து கணவன் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

காசென்றால் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு அறை வீட்டை எப்படிப் பிரிப்பது? மாமியாருக்கு ஒரு பங்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு என்று பெயர் ஏறிவிட்டால், வயது வராத பிள்ளையின் பங்கைத் தொட நீதிமன்றம் ஏற வேண்டி வரும்.

வீடு புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, கவலை இல்லை என்பார்கள் சிலர். நம் நிலச் சட்டத்தில் ஒருவர் போனால் அவருடைய பாதி தானாக மற்றவருக்கு வராது. அந்தப் பாதியும் உயில் சொன்னபடி போகும். உயில் இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கில் போகும்.

கல்யாணப் பதிவையும் சொல்லியாக வேண்டும். "கோயில்ல தாலி கட்டி ஊருக்கே சோறு போட்டோம், பதிவு என்னாத்துக்கு?" என்று இன்னும் சில வீடுகளில் கேட்கிறார்கள். 1982 மார்ச் 1 முதல் இஸ்லாமியர் அல்லாதவர் திருமணங்களைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைப் பதிவானதாகவே சட்டம் ஏற்கிறது. பிறகு நடந்தவற்றைப் பதியாமல் விட்டால், புருஷன் போன துக்கத்தோடு, தான் மனைவி என்று நிரூபிக்கும் பாரமும் அந்தப் பெண் தலையில் விழும். சொக்சோ கொடுக்கும் பிழைத்திருப்போர் பென்ஷனில் விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. அதைக் கேட்கப் போனால் முதலில் கேட்பது கல்யாணச் சர்ட்டிபிகேட்தான்.

உயிலின் பலம் இங்கேதான் இருக்கிறது. உயிலில் கொடுக்க உறவுமுறையை நிரூபிக்க வேண்டியதில்லை. யாருக்கு என்று முழுப்பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் எழுதினால் போதும். எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் கொடுக்கலாம். பதியாத மனைவிக்கும் கொடுக்கலாம். பெரியவர் செய்ய நினைத்தது சட்டம் அனுமதித்த காரியமே. செய்த விதத்தில்தான் பிசகு.

எப்படி எழுதுவது?

சட்டம் கேட்பது அதிகமில்லை. எழுதுகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். புத்தி தெளிவாக இருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க அவர் கையெழுத்திட வேண்டும். அவர் எதிரிலேயே சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று வீடு வீடாகப் போய் வாங்கினால் பிசகு. உயிலில் பங்கு வாங்குகிறவரும், அவருடைய கணவனோ மனைவியோ, பேனாவைத் தொடவே கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார்கள் தயங்க வேண்டாம். கைநாட்டும் செல்லும். ஆனால் உயிலைத் தமிழில் படித்துக் காட்டி, புரிந்துகொண்ட பிறகே கைநாட்டு வைத்தார் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். உயிலைத் தமிழில் எழுதினாலும் தவறில்லை. நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு வேண்டும், அவ்வளவே.

இவ்வளவுதானே, நாமே எழுதிவிடலாமே என்று தோன்றும். பெரியவரும் அப்படித்தான் நினைத்தார். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் காசு தாளுக்கு அல்ல. நமக்குக் கேட்கத் தெரியாத கேள்விகளை அவர் கேட்பதற்குத்தான். வீட்டுப் பத்திரம் யார் பெயரில்? பேங்க் கடன் பாக்கி உண்டா? மகன் உங்களுக்கு முன்னால் போய்விட்டால் அவன் பங்கு யாருக்கு? சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் யார்? உயிலை நிறைவேற்றி வைக்கப்போகிறவர் யார், அவர் சம்மதித்தாரா? அந்தப் பொறுப்பாளர்தான் பிறகு உயர்நீதிமன்றத்தில் 'புரோபெட்' வாங்கி, கடனை அடைத்து, மிச்சத்தைப் பிரித்துக் கொடுப்பவர். நாணயமானவராகப் பாருங்கள்.

பெயர் விஷயத்தையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, அடையாளக் கார்டில் லச்சுமி, சேமநிதிப் புத்தகத்தில் இலட்சுமி என்று இருப்பது நம் தோட்டங்களில் சகஜம். அந்தக் காலத்துக் கிராணிமார் காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போனார்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று உயிலிலேயே காட்டி வைத்தால் பிள்ளைகள் அலைய மாட்டார்கள்.

போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: அடையாளக் கார்டு, கல்யாணச் சர்ட்டிபிகேட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கிராண்ட். தனிக் கிராண்ட் வராத வீடென்றால் வாங்கிய ஒப்பந்தம். கடன் விவரமும் வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள், ரசீது வாங்குங்கள். வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். வசதி இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். அமானா ராயாவிலும் உயில் எழுதிப் பத்திரமாக வைக்கலாம்.

மகன்களே, மகள்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவை அழைத்துப் போங்கள். ஆனால் அவர் வழக்கறிஞரிடம் பேசும்போது நீங்கள் வெளி பெஞ்சில் உட்காருங்கள். நாளைக்கு "பக்கத்துல நின்னு எழுத வச்சான்" என்ற பேச்சு வராது.

உயிலுக்கு அடங்காதவை

உயில் எழுதினோம், எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. சேமநிதிப் பணத்தை உயில் கட்டாது. இஸ்லாமியர் அல்லாத உறுப்பினர் யாரை நாமினியாக, அதாவது மலாயில் சொல்லும் 'பெனாமா'வாகப் போட்டிருக்கிறாரோ, பணம் அவருக்குத்தான். உயிலில் வேறு பெயர் எழுதினாலும் நிற்காது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யார் பெயரைக் கொடுத்தோம் என்று நம்மில் பலருக்கு ஞாபகமே இல்லை. சேமநிதி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய பெயராக இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

இன்சூரன்சும் அப்படியே. 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, இஸ்லாமியர் அல்லாதவர் மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ நாமினியாகப் போட்டால் அந்தப் பணம் நேராக அவர்களுக்கே சேரும். அண்ணன் தம்பி பெயரைப் போட்டிருந்தால், அவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்தான். பணம் அவருடையது ஆகிவிடாது. கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் நாமினி உண்டு. கேட்டுப் பதிந்து வையுங்கள்.

எழுதிவிட்டுத் தூங்காதீர்கள்

பெட்டியில் வைத்த உயில் அப்படியே கிடக்கும். குடும்பம் அப்படியே இருக்காது.

கல்யாணம் செய்தால், அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும் என்கிறது சட்டம். மனைவியை இழந்து மறுமணம் செய்துகொள்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்துவிட்டு இப்போதுதான் கல்யாணத்தைப் பதிகிறவர்களும் உயிலை வழக்கறிஞரிடம் காட்டிப் புதிதாக எழுதிக்கொள்வது பத்திரம். விவாகரத்து உயிலை ரத்தாக்காது! பிரிந்து போன மனைவிக்கு எழுதியதை மாற்றாவிட்டால் அது அவருக்கே போய்ச் சேரும்.

பிள்ளை பிறந்தாலும், பங்கு பெற வேண்டியவர் இறந்தாலும், வீட்டை விற்று வேறு வீடு வாங்கினாலும், பொறுப்பாளர் காலமானாலும் உயிலை எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே நடக்காவிட்டாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது எடுத்துப் படியுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் பேனாவால் அடித்து மேலே எழுதாதீர்கள். அடித்துத் திருத்தியதற்கும் அதே இரண்டு சாட்சி வேண்டும். புதிய உயில் எழுதி, பழையது ரத்து என்று அதில் சொல்லிவிடுவதே நல்லது.

உயிலின் அசல் எங்கே இருக்கிறது என்று பொறுப்பாளருக்குச் சொல்லி வையுங்கள். யாருக்கும் தெரியாத உயில் இல்லாத உயில்தான்.

ஏற்கெனவே அப்பா அம்மா உயில் இல்லாமல் போய்விட்டார்களா? கைகழுவாதீர்கள். வீடோ நிலமோ இருந்தால் அந்த மாவட்டத்துச் சிறு சொத்துப் பகிர்வு அலுவலகத்தில் மனுச் செய்யலாம். ரொக்கம் மட்டும் என்றால் அமானா ராயாவில் கேளுங்கள். வருஷக்கணக்கில் தூங்கும் பேங்க் கணக்குப் பணம் அரசாங்கத்தின் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்விடும். அங்கேயும் வாரிசுகள் கேட்டுப் பெறலாம்.

தோழர்களே! விடியற்காலை இருட்டில் தலைவிளக்கோடு மரத்தடிக்குப் போய், கொசுக்கடியில் நின்று, வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த காசு இது. போனஸுக்கும் சம்பள உயர்வுக்கும் கூட்டம் கூடிப் போராடினோம். வாங்கிய காசு நாம் நினைத்தவர் கைக்குப் போய்ச் சேர இரண்டு சரியான சாட்சிகள் போதும்.

அடுத்த கூட்டத்தில் உங்களைப் பார்க்கும்போது சந்தா கட்டினீர்களா என்று கேட்பதோடு நிறுத்த மாட்டோம். "உயில் எழுதியாச்சா? சாட்சி யாரு?" என்றும் கேட்போம். பெரியவரிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது. பதில் வைத்திருங்கள்.